சேர் ஏற்காமல் போன இரண்டு வருடம்

படிக்கும்போதே சம்பளத்துக்கு வேலை பழக வேண்டும். அந்தப் பயிற்சி முடிந்தால்தான் கணக்கியல் பட்டமும் கிடைக்கும், பட்டயக் கணக்காளர் ஆகவும் வழி பிறக்கும். எனக்கு வாய்த்தது மட்டக்களப்பு நகரில் ஒரு சின்னக் கணக்காய்வு அலுவலகம். அங்கே பயிற்சி கொடுக்க உரிமை உள்ளவர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் முதலாளி ஒருவர்தான்.

கரடியனாற்றில் நெல் ஆலைக்குப் போய், மூட்டை அடுக்கின்மேல் ஏறி இருப்பு எண்ணி, உடம்பெல்லாம் உமி அரிக்க பஸ்ஸில் திரும்புவேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நாங்கள் செய்த வேலையைச் சேர் இணையத்தில் பார்த்து ஏற்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பழக்கமே கிடையாது. பயிற்சி முடிகிற நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றுவிடுவார். எனக்கு முன்பு இருந்தவர்களுக்கு அப்படித்தான் நடந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"மறுகா பாப்பம் புள்ள. நான் எங்க ஓடப்போறன்?" என்று சேர் தள்ளிப்போடுவார்.

இரண்டு வருடம் முடிய ஒரு மாதம் இருக்கையில், மத்தியானம் சாப்பிட்டு எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உயிர் போய்விட்டது.

செத்தவீடு முடிந்தபின் கொழும்பிலுள்ள பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். பேசிய பெண் நல்ல மாதிரி. மேற்பார்வையாளர் ஏற்காத காலம் செல்லாது, வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள்.

"அவர் மோசம் போயிட்டாரே மிஸ். இனி ஆரு ஏற்கிறது?"

"விளங்குது. எங்களால ஒண்டும் செய்ய ஏலாது."

மட்டக்களப்பில் கேட்ட இடமெல்லாம் ஆள் நிரம்பிவிட்டது என்றார்கள். கொழும்பில் அறை எடுத்துத் தங்க வீட்டில் வசதியில்லை. செத்த மனிதர்மேல் கோபப்படலாமா? எனக்கு வந்தது. வந்த கையோடு அழுகையும் வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். சேரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கண் கலங்கியதைச் சேருக்காக என்று நினைத்தார். பாதி அவருக்காகத்தான்.

"அழாத மகள். உன்ர பயிற்சி முடியப்போகுதெண்டு எல்லாரிட்டயும் சொல்லித் திரிஞ்சவர். மற்றதெல்லாம் பாதியில விட்ட வேலதான். உன்ர அலுவல ஒண்டையாவது முடிச்சுக் குடுத்திட்டுப் போயிருக்கார். எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அன்ரி" என்றேன்.