ஆட்சேபணைக்கு உட்பட்டு

என் கல்யாணத்துக்கு எதிராக எழுதப்பட்ட ஆட்சேபணைக் கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்தவள் நான்தான். அதன் கார்பன் நகல் இன்னும் என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மூன்றாவது நகல் என்பதால் பிறக்கும்போதே மங்கலாகப் பிறந்தது. இப்போது மடிப்புகளில் எழுத்தே தெரியவில்லை. வரிக்கு ஒரு பிழை வேறு. டைப்பிங் ஹையரில் முதல் வகுப்பு வாங்கியவள் அடித்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கடிதத்தைச் சொல்லச் சொல்ல என்னை அடிக்க வைத்தவர் எங்கள் ஆபீசின் ஹெட் டாலி கிளார்க். எழுபதுகளின் தொடக்கத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். காலடிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, புடவைத் தலைப்பில் நிலக்கரித் தூளோடு ஆபீஸ் போய்ச் சேருவேன். அவர் ராயபுரத்துக்காரர். மாதா கோயில் மணி அடித்தால் பேச்சை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடருவார். டாலி என்பது எண்ணும் வேலை. கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க நாலு கோடு நிற்க வைத்து, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். கப்பல் தரப்புக்கு ஓர் ஆள் எண்ணுவார், துறைமுகத் தரப்புக்கு ஓர் ஆள் எண்ணுவார். ஒரே மூட்டையைத்தான் இருவரும் பார்ப்பார்கள். ஆனால் ஷிப்ட் முடிந்து தாளை ஒப்பிட்டால் இரண்டு கணக்கும் ஒத்துப்போன நாளை நான் பார்த்ததில்லை. எங்கள் டாலிக்காரர் கப்பல் தரப்பு. போர்ட் ஆட்கள் என்றாலே அவருக்கு முகம் சுளிக்கும்.

கணக்கு ஒத்துவராவிட்டாலும் தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வேலை நகரும். அங்கேதான் அவருடைய பிரியமான சொல் வந்து நிற்கும். கையெழுத்துக்கு மேலே, சாய்ந்த அழகான எழுத்தில், 'அண்டர் புரொடெஸ்ட்' என்று எழுதி இரண்டு கோடு இழுப்பார். ஆட்சேபணையோடுதான் கையெழுத்து என்று அர்த்தம். நான் சேர்ந்த புதிதில், சம்மதம் இல்லையென்றால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு இப்படி கேக்குற? கையெழுத்து போடலைன்னா கப்பல் நிக்கும். வாயை மூடிகினு போட்டா பொய் நிக்கும். இந்த ரெண்டு வார்த்தை போட்டா கப்பலும் போவும், நானும் நிப்பேன்."

அதுவரை அந்தச் சொல்லை நான் துறைமுக கேட் வாசலில்தான் கேட்டிருந்தேன். கொடி பிடித்து, தொண்டை கட்டும்வரை முழங்குபவர்கள் செய்வது புரொடெஸ்ட். தமிழில் எதிர்ப்பு என்றால் மார்பை நிமிர்த்திக்கொண்டு யாரோ எதிரே வருகிறார்கள். மறுப்பு என்றால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆட்சேபணை என்றால் கறுப்புக் கோட்டு நினைவுக்கு வருகிறது. இவருடையது இவற்றில் எதுவும் இல்லை. வேலையை நிறுத்தாமல், உறவையும் முறிக்காமல், 'எனக்கு இது பிடிக்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும்' என்று சொல்லி வைப்பது. போர்ட் டாலிக்காரரோடு காலையெல்லாம் கத்திவிட்டு, மதியம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதற்கு அந்தச் சொல்தான் இடம் கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அதைவிட வேடிக்கை கேப்டன்கள் கொண்டுவரும் புரொடெஸ்ட். வழியில் புயல், அலை மேல்தட்டில் ஏறி அடித்தது, சரக்கு நனைந்திருந்தால் என் குற்றமில்லை என்று கரைக்கு வந்தவுடன் கேப்டன் எழுத்தில் பதிவு செய்வார். நோட்டரியிடம் போகும் அந்தத் தாளை நான் முதல் தடவை டைப் அடித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. காலடிப்பேட்டைப் பெண் ஒருத்தி வங்காள விரிகுடா மேல் புகார் அடித்துக்கொண்டிருக்கிறாள்! "கடல் மேல கேஸா சார்?" என்றேன். "கேஸ் இல்லம்மா, நடந்ததை சொல்லி வெக்கிறது. நாளைக்கும் அது மேலதான போய் ஆவணும்?" என்றார்.

இப்படிப்பட்டவர் வாரத்தில் இரண்டு நாள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருவார். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்த அவருடைய மகன் அதைக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார். ரிப்பன் நல்லா இருக்கா, மெஷினுக்கு எண்ணெய் போட்டீங்களா என்று என் டைப்ரைட்டர் மேல் அவருக்கு இருந்த அக்கறை ரயில் என்ஜின் மேல் இருந்திருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்கும். பிறகுதான் தெரிந்தது, கண்ணாடி தானாக மறந்து போகவில்லை. காலையில் அதை எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்ததே இவர்தான்.

ஒரு வருஷம் கண்ணாடி காணாமல் போய்க்கொண்டே இருந்தது. என் வீட்டில் அழுது தீர்த்துச் சம்மதித்தார்கள். இவருடைய அம்மாவுக்கும் தெரியும். அப்பாவிடம் மட்டும் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. பிடித்த வஞ்சிரக் குழம்பையே 'அண்டர் புரொடெஸ்ட்' என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிடுபவர், வேறு மதத்துப் பெண்ணை, அதுவும் தன் ஆபீஸ் டைப்பிஸ்டை என்ன சொல்வார்? சொல்லாமலே பதிவுத் திருமணத்துக்கு மனுக் கொடுத்தோம். சட்டப்படி முப்பது நாள் எங்கள் பெயர் பதிவு அலுவலகப் பலகையில் தொங்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம். ஆட்சேபணை வந்தால் விசாரணை முடியும்வரை கல்யாணம் இல்லை. அவர் ஆட்சேபித்தாலும் சட்டத்தில் செல்லாது என்று யார்டில் யாரையோ கேட்டு வந்து இவர் தேறுதல் சொன்னார். எனக்குப் பயம் சட்டத்தைப் பற்றி இல்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷரின் முகத்தைப் பற்றித்தான். அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்றிருந்தால் நான் பின்வாங்கியிருப்பேன், அது நிச்சயம்.

இருபதாம் நாளோ என்னவோ, மதியச் சாப்பாடு முடிந்து ஆபீஸ் காலியாக இருந்த நேரம். கையில் துண்டுச் சீட்டோடு என் மேஜைக்கு வந்தார். "ஒரு லெட்டர். கார்பன் வெச்சு, மொத்தம் மூணு காப்பி" என்றார். தாளைச் செருகினேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். "பெறுநர், திருமணப் பதிவு அலுவலர்."

என் கை நின்றுவிட்டது.

"இன்னாம்மா? அடி."

அடித்தேன். தங்கள் பலகையில் உள்ள அறிவிப்பு தொடர்பாக, மணமகனின் தகப்பனாகிய நான் கீழ்க்கண்ட ஆட்சேபணையைப் பதிவு செய்கிறேன் என்று வந்தது. கண்ணில் நீர் முட்டி, எந்த விசை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூட்டை எண்ணுகிற அதே குரல். முதலாவதாக, அறிவிப்பில் என் தொழில் போர்ட் கிளார்க் என்று உள்ளது. இது முழுப் பொய். நான் கப்பல் தரப்பு. வாழ்நாளில் ஒரு நாள்கூட போர்ட் தரப்பில் எண்ணியதில்லை. இந்தத் தவறால் போர்ட் டாலிக்காரர் முன்னால் எனக்குத் தலைகுனிவு.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் திரும்பவில்லை. "அந்த ஆளு பலகையை பாத்துட்டு வந்து, இன்னா மாமு, எங்க பக்கம் வந்துட்டியாமேன்னு கேக்குறான்மா. நாலு பேர் முன்னாடி!" என்று தமிழில் சொல்லிவிட்டு மறுபடியும் ஆங்கிலத்துக்குப் போனார். அடுத்து, மேற்படி மணமகன் ஒரு வருஷமாக என் அனுமதியின்றி என் கண்ணாடியை மாதா படத்துக்குப் பின்னால் வைத்து வந்தது எனக்குத் தெரியும். கண்ணாடி இல்லாமல் நான் பட்ட சிரமம் பதிவில் இருக்க வேண்டும். எங்கள் கோயில் சாமியாரிடம் சொல்லாதது பற்றித் தனியாக எழுதும் உரிமையை வைத்துக்கொள்கிறேன். இறுதியாக, முக்கியமாக... இங்கே கொஞ்சம் நிறுத்தித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மூன்று வருஷமாக என் கடிதம் ஒவ்வொன்றையும் டைப் அடித்த மணமகள், இந்த ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் தேம்பிவிட்டேன். "அழுதுகினே அடிச்சா ரிப்பன் நனைஞ்சிடும். இன்னும் ஒரு வரிதான் கீது" என்றார். அது அவர் புரொடெஸ்ட் கடிதம் எல்லாவற்றிலும் வரும் வழக்கமான கடைசி வரி. எனக்கு மனப்பாடம். அவர் சொல்வதற்குள் என் விரல்களே அடித்துவிட்டன. மேற்கண்ட ஆட்சேபணைக்கு உட்பட்டு, வேலை நடக்கலாம்.

ஒரு காற்புள்ளி தவறினாலே தாளைக் கிழிக்கச் சொல்பவர், பிழை மலிந்த அந்தக் கடிதத்தில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். "ஒண்ணு ஆபீசருக்கு, ஒண்ணு எனக்கு. மூணாவது எதிர்த்தரப்புக்குக் குடுக்கணும்" என்று சொல்லி, நகலை உருவி என் மேஜைமேல் வைத்தார்.

பதிவு நாளில் அவர்தான் முதல் சாட்சி, வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, புதுக் கண்ணாடிக்கூடு. பதிவாளர் பேனாவை நீட்டும்போதே பயந்துகொண்டு, "சார், வெறும் கையெழுத்து மட்டும் போதும்" என்றார். கடிதத்தைப் படித்திருந்தார் போலும். மாமா தாராளமாகச் சிரித்தார். "அதான் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேனே." எனக்குத் தெரிந்து அவர் போட்ட முதல் வெறுங்கையெழுத்து அது. பலகையில் 'போர்ட்' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'கப்பல்' என்று திருத்தியிருந்ததையும் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டுத்தான் படியிறங்கினார். அன்று மாலையே சாமியார் வீட்டுக்கு எங்களை அழைத்துப்போய், எங்களுக்காக அவரே திட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு கல்யாண நாளிலும், பிரியாணித் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "ஆபீசர்கிட்டேர்ந்து பதில் வந்துச்சா?" என்று கேட்பார். "வரல மாமா." "அப்ப நம்ம புரொடெஸ்ட் அப்படியே கீது. சரி, சோத்தை போடு." கடைசி வருஷம் வரைக்கும் கேட்டார். நானும் சிரிக்காமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து சின்ன மகள் போன் செய்தாள். அவளுக்குப் பிடித்த ஒருவர், பதிவுத் திருமணம், நோட்டீஸ் ஒட்டிப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்றாள். சந்தோஷம்தான், எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் போனை வைத்தபிறகு நெஞ்சுக்குள் எதுவோ குத்தியது. பன்னிரண்டு நாள்! தினமும் ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன், அப்போது சொல்லியிருக்கலாமே. மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது எதற்கென்று எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

பீரோவைத் திறந்து நகலை எடுத்து மேஜையில் விரித்தேன். டைப்ரைட்டர் எப்போதோ போய்விட்டதால் வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதினேன். மணமகளின் தாயாகிய நான் கீழ்க்கண்ட ஆட்சேபணையைப் பதிவு செய்கிறேன் என்று தொடங்கி, ஒரே ஒரு குற்றச்சாட்டு. கடைசி வரியை மட்டும் மாமாவுடையதைப் பார்த்து அப்படியே எழுதினேன். மேற்கண்ட ஆட்சேபணைக்கு உட்பட்டு, வேலை நடக்கலாம். இந்தத் தடவை ஒரு பிழைகூட இல்லை.