கடைசி ஈ

வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்ன ஈக்களின் ஆயுளை நீட்ட முடியுமா என்று, தொண்ணூறுகளில் பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் சோதித்துக்கொண்டிருந்தேன். செத்த ஈக்களைக் கணக்கெடுக்க ஆஸ்டின் டவுனிலிருந்து ஓர் அம்மா வருவார். என் வயதுதான் இருக்கும். இரண்டு பக்கமும் மூக்குத்தி, முழங்கைவரை மடித்துவிட்ட நீலக் கோட்டு.

முதுமையில் இட்ட முட்டைகளை மட்டும் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்தால் ஈக்கள் நெடுநாள் வாழும் என்பது கோட்பாடு. அது மெய்யா பொய்யா என்பது அந்த அம்மா எழுதும் சாவுத் தேதிகளைப் பொறுத்தது. கண்ணாடிக் குழாயை நகத்தால் மூன்று முறை தட்டி, அசைகிறதா என்று காத்திருந்து பார்க்காமல் எந்த ஈயையும் அவர் செத்ததாக எழுதியதில்லை.

ஒரு நாள் அவர் வருவதற்குள், மல்லாந்து கிடந்த கடைசி ஈயைச் செத்ததாக நானே எழுதிவிட்டேன். அவர் வந்து தட்டினார். ஒரு கால் அசைந்தது.

“இன்னா சார் இவ்ளோ அர்ஜெண்ட்டு? அது போறேன்னு சொல்லவே இல்ல, நீங்க அனுப்பிட்டீங்க!”

“இன்னிக்கோ நாளைக்கோ போகப்போறதுதானேம்மா?”

“அந்த ஒரு நாளுக்குத்தானே சார் இத்தன வருசமா தட்டிக்கினு இருக்கோம்?”

நான் எழுதியதை அவரே அடித்தார். அந்த ஈ மேலும் ஆறு நாள் இருந்தது.

கருத்தரங்குகளில் வரைபடத்தைக் காட்டும்போது, வலது ஓரத்தில் அந்த ஈ செத்த நாளைக் குறிக்கும் கடைசிப் புள்ளியில் என் குச்சி கொஞ்சம் அதிகமாகவே நிற்கும். கோட்பாட்டைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தப் புள்ளியைப் பற்றி இதுவரை எவரும் வாய் திறந்ததில்லை.