சகாயராணியின் இருபத்திரண்டு கமலா கன்றுகள்

திருக்கனூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் பத்தொன்பது வருஷமாகத் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். பெயர் அரிகிருஷ்ணன். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் சகாயராணிக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன். திட்டுகிறவர்கள் கடைசியில் திட்டிக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.

தோல் சுலபமாய் உரிகிற ஆரஞ்சுக்கு என் வண்டியில் ஒரு பெயர் நிலைத்ததே இல்லை. நாக்பூரிலிருந்து வந்தாலும் குடகிலிருந்து வந்தாலும் 'கமலா, கமலா' என்று கூவினால்தான் நம் ஜனம் நிற்கும். பஞ்சாபிலிருந்து கின்னோ வரும். அமெரிக்காவில் இரண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கி, இரண்டின் பெயரையும் ஒட்டவைத்தார்கள் என்று மண்டிக்காரர் சொன்னார். அதையும் கமலா என்றே விற்றேன். கப்பலில் வருகிற பெட்டியில் மாண்டரின் என்று போட்டிருக்கும். இந்த வகைக்கெல்லாம் பூர்வீகம் சீனா பக்கமாம். எனக்கென்ன, பெட்டி காலியானால் சரி.

பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர் மாதம் ஒருமுறை வருவார். சின்னதாக, பளபளப்பாக இருக்கும் ஒன்றைக் கையில் உருட்டி, "இது க்ளெமாந்தீன்" என்பார். அல்ஜீரியாவில் ஓர் அனாதை விடுதித் தோட்டத்தில் யாரும் நடாமல் தானாக ஒரு செடி முளைத்ததாம். அங்கிருந்த கிளெமான் என்ற கிறிஸ்தவ பிரதர் அதைப் பிடுங்காமல் விட்டாராம். காய்த்தபோது அப்படி ஒரு இனிப்பாம். அவர் பெயரையே பழத்துக்கு வைத்துவிட்டார்கள். கதை எனக்குப் பிடித்துப்போயிற்று. மாதா கோயில் வேதக்காரர்கள் வந்தால் தவறாமல் எடுத்துவிடுவேன், கூட அரைக் கிலோ போகும்.

அப்படிக் கேட்டவள்தான் சகாயராணி. ஊர் சுத்துக்கேணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுத்தவன் கழனியில் நாற்று நட்டுக் களையெடுத்தவள். அவளும் புருஷன் அந்தோணிசாமியும் கூலி வேலை செய்தே முப்பது குழி, அரை ஏக்கருக்கும் குறைவான கொல்லை வாங்கினார்கள். இரண்டு வீட்டுப் பரம்பரையிலும் சொந்தமாக மண் வாங்கியது அவர்கள்தான். வாங்கிய மறுவருஷம் அந்தோணிசாமி நெஞ்சுவலியில் போய்விட்டான்.

மகன் பாக்யராஜ் சேதராப்பட்டில் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறான். அங்கேயே வாடகை வீடு, மனைவி, குழந்தை. கெட்டவன் இல்லை. கொல்லையை மனைக்கு விற்று அங்கே சொந்தமாய் ஒரு வீடு கட்டவேண்டும் என்பது அவன் எண்ணம். சகாயராணி கெஞ்சிக் கூத்தாடி நாலு கிறிஸ்துமஸ் தவணை வாங்கினாள். அதற்குள் கொல்லையில் ஏதாவது காய்த்து விலை போனால் விற்பதில்லை. இல்லையென்றால் அவளே வந்து கையெழுத்துப் போடவேண்டும்.

வண்டியில் செடி விற்றுக்கொண்டு வந்த ஒருவனிடம் கமலா என்று கேட்டு இருபத்திரண்டு கன்று வாங்கி நட்டாள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், நடுவில் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு கட்டு.

முதல் கோடையிலேயே கன்றுகள் சோர்ந்தன. ஒருநாள் கையில் ஒரு கொழுந்தோடு வண்டிக்கு வந்தாள்.

"அண்ணா, கட்டுக்கு மேல இருக்கறது நோஞ்சானா நிக்குது. கீழருந்து தானா ஒண்ணு கிளம்பி ஜோரா வளருது. இன்னா செய்யறது?"

நான் கொழுந்தைக் கசக்கி மோந்து பார்த்தேன். ஆரஞ்சு வாசம். எதிரே பஸ் வந்து நின்றது, வியாபார நேரம்.

"பிரதர் கதைய மறந்துட்டியா? தானா வர்றத வுட்டு வளத்தாரு. நீயும் வுடு ராணி. நோஞ்சான கிள்ளிப் போடு."

ஆரஞ்சு மரத்தை அதுவரை நான் கண்ணால் பார்த்தவனில்லை. பழம் விற்கிறவனுக்கு மரம் தெரியும் என்று அவள் நம்பினாள். தெரியாது என்று சொல்ல என் வாய்க்குத் தெரியவில்லை. அவளோ நாற்றுக் கட்டிலிருந்து சோணியை உதறிவிட்டுத் திடமானதை நட்டே பழகியவள். இருபத்திரண்டிலும் கட்டுக்கு மேலே இருந்ததைத் தன் கையாலேயே கிள்ளி எறிந்தாள்.

அதற்குப் பிறகு செடிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. மோட்டார் கிடையாது, குடத்தில் தண்ணீர் சுமந்தாள். நடவுக்குப் போய்விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சுமப்பாள். நாலாவது வருஷம் கிளை தாழக் காய்த்தது, கார்த்திகையில் நிறம் மாறியது. "கமலாவேதாண்ணா, அச்சு அசலு" என்று வந்து சொன்னபோது அழுதேவிட்டாள்.

ருசி பார்த்தாயா என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதற்பலனைக் கோயிலுக்குக் கொடுக்காமல் அவர்கள் வாயில் வைக்கமாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசையில் ஒரு கூடையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு, இன்னொரு கூடையோடு நேரே என் வண்டிக்கு வந்தாள். புதுப்புடவை. பின்னால் பாக்யராஜ், தோளில் குழந்தை. எங்கள் மூன்று பேருக்கும் அவளே உரித்துக் கொடுத்தாள். தோல் கையோடு வந்துவிட்டது, கமலா மாதிரியே.

ஒரு சுளையை வாயில் போட்டேன். பல் கூசியது. எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி புளிப்பு.

குழந்தை துப்பிவிட்டு வீறிட்டது. பாக்யராஜ் மென்று விழுங்கினான். சகாயராணி என் முகத்தைப் பார்த்தாள், மகன் முகத்தைப் பார்த்தாள், கடைசியில் தானும் ஒரு சுளை தின்றாள்.

"இது பழுக்கல. இருங்க, இத பாருங்க."

இன்னொன்றை உரித்தாள். அப்புறம் இன்னொன்று. உரித்து உரித்து வாயில் வைத்துப் பார்த்துத் தராசுத் தட்டில் போட்டாள். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் வேடிக்கை பார்த்தது. கூடை பாதியாகியும் அவள் கை நிற்கவில்லை.

"போதும்மா" என்று பாக்யராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

மறுநாள், நர்சரியில் வேலை செய்த அரங்கநாதனைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். சகாயராணி பக்கத்தில் நிற்க, அவர் குனிந்து ஒரு மரத்தின் அடியைத் தடவினார். பட்டுப்போன சுண்டுவிரல் நீளக் கட்டை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"இதாம்மா ஒட்டின கமலா. அத ஒட்டி வச்ச வேர்ச்செடி புளிப்பு எலுமிச்ச ஜாதி, தோல் மட்டும் கமலாவாட்டம் உரியும். அடியில வர்ற தளுப்ப அப்பப்ப கிள்ளணும். நீங்க கமலாவக் கிள்ளிட்டு வேர வளத்திருக்கீங்க. யாரு சொன்னா இப்பிடி செய்யச் சொல்லி?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. இன்றுவரை அதற்காக என்மேல் எனக்கு அருவருப்புதான்.

இந்த மரங்களிலேயே கமலாவைத் திரும்ப ஒட்டலாம், மூணு வருஷம் ஆகும் என்றார் அரங்கநாதன். சகாயராணியையும் கூட்டிக்கொண்டு மகனிடம் போய்க் கேட்டேன். "நாலு வருஷம் வுட்டேனே மாமா, எம்புள்ள வாடக வூட்லயே வளரணுமா?" என்றான்.

வரும் வழியில் சகாயராணி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த பிரதர் கத நெசந்தானே அண்ணா?"

"ஒருத்தர் சொன்னாரு, நான் சொன்னேன். அவ்ளோதாம்மா."

"அவரு வுட்டது இனிச்சிதே" என்றாள்.

பொங்கல் கழிந்து கிரயம். சாட்சிக் கையெழுத்துப் போட என்னைத்தான் கூப்பிட்டாள், தெரிந்த மனுஷர் வேறு யார் இருக்கிறார்கள் என்று. பத்திரம் எழுதுகிறவர் எல்லை, அளவு எல்லாம் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மரம் இருக்குதுன்னீங்களே, இன்னா மரம்?"

சகாயராணி மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "அண்ணனக் கேளுங்க சார். பழத்துப் பேரெல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

குத்திச் சொல்லவில்லை. அவள் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்சை" என்றேன். அவர் எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.