கறுப்புப் பெட்டிக்கு ஒரு சிவப்புக் குடை

கடற்கரையில் குடும்பப் படம் எடுக்கும் அவரை எல்லோரும் 'வானவில்' என்றுதான் கூப்பிடுவார்கள். குடை, பலூன், காற்றாடி என்று ஒரு பை நிறைய வண்ணச் சாமான்களோடு திரிவார். எதை வைத்தாலும் திருப்தி வராது, மாற்றிக்கொண்டே இருப்பார். படத்தில் கறுப்பு மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

அன்று ஒரு குடும்பம் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் இறங்கியது. அப்பா வெளிநாடு கிளம்புகிறார். திரும்பிவர இரண்டு வருடமாகும். எல்லோரும் சேர்ந்த ஒரு படம் கையோடு வேண்டும். பாஸ்போர்ட் உள்ளே இருந்ததால் அப்பா தன் கறுப்புப் பெட்டியை டாக்சியில் விட மனமின்றி மணல்வரை தூக்கி வந்திருந்தார். நாலு வயது மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அவளை இறக்க வானவில் மஞ்சள் காற்றாடியை நீட்டினார். வேண்டாமாம். நீலப் பலூனும் வேண்டாமாம். சிவப்புக் குடையைச் சுழற்றிக் காட்டினார்.

"எங்க கல்யாணத்துலகூட இவ்வளவு கலர் இல்லண்ணே. நேரமாச்சு, சீக்கிரம் எடுங்க!" என்றாள் அம்மா.

"பெட்டி கண்ணுல குத்துதும்மா. எறங்கு தங்கம்!" என்றார் வானவில்.

"மாட்டேன். எறங்கினா அப்பா பெட்டிய எடுத்துட்டுப் போயிருவாரு."

அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வானவில் காற்றாடியையும் பலூனையும் பைக்குள் வைத்தார். பிறகு குடையை அம்மாவிடம் கொடுத்து, பெட்டிக்கு மேலே பிடிக்கச் சொன்னார். "சார், பாப்பா பக்கத்துல உக்காருங்க. பெட்டி அங்கேயே இருக்கட்டும்."

எடுத்தார். அப்பா எழுந்தார்.

"இன்னொண்ணு," என்றாள் மகள்.

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். வானவில் இன்னொன்று எடுத்தார்.