சைலன்சருக்கு இரண்டு விரல் இடைவெளி

எங்கள் காம்பிங் காருக்குள் சப்பாத்தோடு ஏறக் கூடாது. அது அக்காவின் சட்டம். அடுப்பு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, மாதா படமும் மாட்டியாயிற்று. பிறகென்ன, அது வீடுதானே.

அக்காவும் அண்ணையும் என் கூடப்பிறந்தவர்கள் அல்ல; அவர்கள் கணவன் மனைவி. லா ஷப்பலில் அவர்களுடைய வாடகை வீட்டில் எனக்கு ஒரு மூலை கிடைத்திருந்தது. அண்ணையும் நானும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். எனக்கு இரண்டே வயது இளைய அந்தப் பழைய வண்டியை வாங்கச் சொல்லி அவரை நச்சரித்தவன் நான்தான். மாதாவின் ஆவணித் திருநாளுக்கு லூர்துக்கு அதிலேயே போவது, வழியில் சமைப்பது, அதிலேயே படுப்பது என்று வரைபடத்தில் கோடுகூடக் கீறி வைத்திருந்தேன்.

திருநாளுக்கு ஒரு கிழமை முன்பு புறநகரான ஸ்தேனில் ஒரு விருந்துக்குப் போனோம். வழியில் தண்ணீர் எடுக்க எழும்பிய அக்கா, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கால் வைத்தவுடன் துள்ளினார்.

"ஐயோ, தோசைக்கல்லு!"

"எஞ்சின் எண்டால் சுடும்தானே," என்றார் அண்ணை.

"எஞ்சின் சுடட்டும். வீடு ஏன் சுடுது? சனிக்கிழமைக்கிடையிலை இது ஆறவேணும். இல்லாட்டி நான் லூர்துக்கு ரயில்லை போறன். நீங்கள் உந்த வண்டியை வித்துப்போடுங்கோ."

அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு மெக்கானிக் விடுமுறைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சியதும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழும்பி, கையைத் துடைத்தபடி, "ஜெ வேணும், கொஞ்சம் ஜெ," என்று பிரெஞ்சில் இரண்டு முறை சொன்னார். செய்வது சுலபம், நீங்களே செய்யலாம் என்றும் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அண்ணை. மாலை வகுப்பில் பிரெஞ்சு படிப்பவன் நான்தானே.

"ஜூஸ் வேணுமாம். நல்ல வெயில், பாவம். குடிச்சிட்டு என்ன செய்யிறதெண்டு சொல்லுவார்."

ஓடிப்போய் ஒரு போத்தல் தோடம்பழச் சாறு வாங்கி வந்து நீட்டினேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார், குடித்தார், நன்றி சொன்னார், போய்விட்டார். ஆகஸ்ட் முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஊரில் பௌதிகம் படித்த என் மூளை விழித்தது. கோயில் மெழுகுதிரி ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு சாண் இடைவெளியில் தளம் முழுக்க வைத்தேன். அண்ணை பக்கத்துத் தெருவான ரூ பஜோலைச் சுற்றி இரண்டு தரம் ஓட்டிவிட்டு வந்தார். இருக்கைக்குப் பின்னால் இருந்த துண்டு மட்டும் குளமாகிக் கிடந்தது. மற்றதெல்லாம் அப்படியே.

எஞ்சின் ஆறியதும் அந்த இடத்துக்கு நேர் கீழே ஊர்ந்து போனேன். சைலன்சர் குழாய் தளத்தின் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தாள்கூட இடையில் போகாது. அதை அப்படி இழுத்துக் கட்டியிருந்தது ஒரு கம்பி. கட்டியவன் நான். வைகாசியில் குழாயின் ரப்பர் பட்டி அறுந்து தொங்கியபோது, சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியிருந்தேன். ஆடக் கூடாது என்று.

ஆடக் கூடாது! அங்கேயே படுத்தபடி சிரித்துவிட்டேன். பிரெஞ்சில் சாறு என்றால் ஜூ; ஜெ என்றால் விளையாட்டு. விளையாட்டு என்றால் பிளே. 'ஸ்டீரிங்கிலை பிளே இருக்கு' என்று எங்கள் ஊரில் வண்டி திருத்தும் கராச்சில் சொல்வார்களே, அந்தப் பிளே! மனிதர் சாறு கேட்கவில்லை. குழாய்க்கு அசைய இடம் விடச் சொல்லியிருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பௌதிகம் படிச்சவர் கட்டினது கம்பி, வாங்கிக் குடுத்தது ஜூஸ்!"

கம்பியை வெட்டி, புது ரப்பர் பட்டிகள் மாட்டி, குழாயை இரண்டு விரல் கீழே இறக்கினோம். ஒரு பெரிய எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, தளத்துக்கும் குழாய்க்கும் நடுவே, இரண்டிலும் படாமல் தொங்கவிட்டேன். இரு பக்கமும் காற்று ஓட வேண்டும், அதுதான் சூத்திரம். அண்ணை மிச்ச இடத்தில் பழைய கம்பளியை அடைக்கப் பார்த்தார், பறித்து எறிந்தேன்.

மறுபடி ஸ்தேன் வரை போய் வந்தோம். அக்கா வழி முழுக்க அந்த இடத்திலேயே வெறுங்காலோடு, அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருகையில், வீட்டுக்குக் கிட்ட ஒரு பாலத்தடி வந்ததும் ஒரு காலைத் தூக்கி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா, சுடுதே?" என்றார் அண்ணை.

"ஓம், கொஞ்சம். பூனை படுக்கிற சூடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "திங்கள் விடியவெள்ளன வெளிக்கிடுவம். ஆனா தம்பி, ரூட்டைக் கேக்கிறதெண்டால் உன்ரை பிரெஞ்சு வேண்டாம். நான் கையைக் காட்டிக் கேக்கிறன்."