என் கன்னத்தில் இருந்த பவுடர்

பருக்கள் போன பிறகும் என் கன்னம் முழுக்கக் கருந்தழும்புகள் தங்கிவிட்டன. மறைக்க கிரீம் போட்டால் மறுபடியும் பரு கிளம்பும். எண்ணெயும் வாசனையும் சேர்க்காத மினரல் பவுடரை என் மனைவி வாங்கித் தந்தாள். லேசாகத் தடவினாலே தழும்பு மறைந்தது, அரிப்பும் இல்லை.

நெய்வேலி மைன்ஸில் நான் கான்ட்ராக்ட் ஆள். ஒருநாள் கேன்டீனில் சாப்பிடும்போது, கூட வேலை செய்யும் குமார் என் கன்னத்தை விரலால் வழித்து எல்லோருக்கும் காட்டினான்.

“பவுடர் பூசிக்கினு மைன்ஸுக்கு வரான் பாருங்கடா! ஏன்டா, நீ ஆம்பளதானா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனை அறையத்தான் கை பரபரத்தது. அடித்தால் கான்ட்ராக்டர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கை கழுவிவிட்டு வந்தேன். பையிலிருந்த டப்பாவைத் திறந்து, அவன் எதிரிலேயே பிரஷ்ஷால் மறுபடியும் போட்டுக்கொண்டேன்.

“இது என் மூஞ்சி. இன்னொரு வாட்டி கை வெச்சே, வேலை போனாலும் பரவால்லன்னு அடிப்பேன்.”

சிரிப்பு நின்றது. குமார் எழுந்து போனான்.

அன்று சிரித்தவர்களில் ஒருவன் பிறகு தனியாக வந்து, அந்தப் பவுடர் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். சொன்னேன். ஆனால் அவன்மேலும் எனக்கு மனசு இறங்கவில்லை. இறங்கித்தான் ஆகவேண்டும் என்று இன்றுவரை தோன்றவும் இல்லை.