விஸ்பருக்குப் பதில் சொன்னவன்

நாகர்கோவிலில் ஒரு போன் கம்பெனியின் கால் சென்டரில் அது எனக்குப் பயிற்சி மாதம். என் மகள் வயதுள்ள டீம் லீடர் ‘விஸ்பர்’ என்றால் என்ன என்று விளக்கியபோது, எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினேன். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் நம் காதுக்குள் யோசனை சொல்வாள். அழைத்தவருக்கு அவள் குரல் கேட்காது. நம் குரல் மட்டும் கேட்கும். பதற்றம் வந்தால் இந்தக் கடைசி விஷயம் என் மண்டையில் நிற்காது என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரி அழைத்தார். கடை போன் வேலை செய்யவில்லை, ஆர்டர் வரவில்லை, பிச்சிப்பூ வாடுகிறது என்று கொதித்தார். இந்த அழைப்பைக் கேட்டுத்தான் என்னை வேலையில் வைப்பதா என்று முடிவு செய்வார்கள். பதறிப்போய் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

காதுக்குள் டீம் லீடர், “அண்ணே, கொஞ்சம் சிரிச்ச முகமாப் பேசுங்க” என்றாள்.

“சிரிச்சிட்டுதானே இருக்கேன் மக்கா!” என்றேன், சத்தமாக.

“ஏலே, எம் பூவு வாடுது, நீ சிரிக்கியா?” என்றார் வியாபாரி.

“ஐயோ அண்ணே, எங்கிட்ட பேசாதீங்க, அவருக்குக் கேக்கும்!” என்று அவள் அலறினாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். “மன்னிச்சிரு மக்கா, தெரியாம சொல்லிட்டேன்” என்று அவளிடம் கெஞ்சினேன்.

“சரி, விடும். போனைச் சரியாக்கித் தாரும்” என்று இறங்கி வந்தார் வியாபாரி.

அவர் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் அழுத்தியதாக ரிப்போர்ட் வந்தது. வேலை உறுதியானது. எல்லோரும் கைதட்டினார்கள், டீம் லீடர்தான் பலமாகத் தட்டினாள். நான் மேசைக்கடியில் குனிந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பேனா என் சட்டைப்பையில் இருந்தது.